காலிக் குப்பி

சத்தியப்பிரியாவின் நானோ துகள்கள் மூன்று வருடமாக ஒளிரவில்லை. ஒருநாள் திடீரென்று புற ஊதா விளக்கின் கீழே நீலமாக மின்னின. எங்கள் வழிகாட்டி, பேராசிரியர் குருநாதன், துறை முழுக்க லட்டு கொடுத்தார்.

மறுநாள் அவள் காலிக் குப்பியை விளக்கில் காட்டினாள். அதுவும் மின்னியது. ஆய்வகச் சோப்பு தீர்ந்துபோனதால் குப்பிகளைத் துணி சோப்புத்தூளில் கழுவி, சரியாக அலசாமல் விட்டிருந்தோம். வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிய அந்தத் தூளில் கலக்கிற சாயம்தான் அந்த நீலம்.

“சார், இது சோப்பு. என் பேர்ல போடாதீக.”

“காலிக் குப்பிய எவன் தாயி பாக்கப் போறான்? அதே தூள்ல கழுவு” என்றார் மிச்ச லட்டை மென்றபடி. ஒரு துணுக்கு என் சட்டையில் விழுந்தது. அறிக்கையை அவரே எழுதி அவள் பெயரைப் போட்டார்.

ஆய்வைச் சரிபார்க்க வெளியூர்த் தேர்வாளர் வந்தார். அன்று கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம் என்று குருநாதன் வெளுத்த வேட்டியில் வந்திருந்தார். அறையை இருட்டாக்கி விளக்கைப் போட்டோம். குப்பி லேசாக மின்னியது. பக்கத்தில் வேட்டி தகதகவென்று நீலமாக எரிந்தது.

“என்ன சார், வேட்டியிலயும் நானோ தடவியிருக்கீகளா?” என்றார் தேர்வாளர்.

“ரெண்டும் சோப்புத்தூள்தான் சார்” என்றாள் சத்தியப்பிரியா.

தேர்வாளர் ஆய்வை முதலிலிருந்து செய்யச் சொன்னார். பட்டமே கிடைத்த மாதிரி “சரி சார்” என்றாள்.

அவர் போனதும் குருநாதன் என் பக்கம் திரும்பினார். “அடுத்த தடவை பேண்ட்டு போட்டுட்டு வரணும்ப்பா.”

“கறுப்புப் பேண்ட்டு சார்” என்றேன்.

யோசித்துப் பார்த்து, நல்ல யோசனை என்றார்.