இளைக்காமல் வந்த எரியறை

எடை அறையில் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். அங்கிருக்கும் தராசு ஒரு தொட்டாச்சிணுங்கி. எட்டு வருடமாக அதைத் தாஜா செய்து வேலை வாங்குகிறவள் தங்கை.

அன்று மதியம் அவள் மடியில் ஒரு எரியறை இருந்தது. ராக்கெட்டை மெல்லத் திருப்பும் சிறிய எஞ்சினின் வயிறு அது. கரி இழையில் நெய்து, மேலே பீங்கான் பூசியது. பூசியவள் அவளுடைய சொந்த அக்கா. இதுவரை பத்தொன்பது முறை எரித்தாயிற்று. இருபதாவதையும் தாங்கிவிட்டால் பறக்கப்போகிறது. அக்காவின் பதினோரு வருடக் கனவு.

ஒவ்வொரு முறையும் ஒரு கிராமாவது குறையும். இந்த முறை மருந்துக்குக்கூடக் குறையவில்லை.

"பாத்தியாடி, கல்லு மாதிரி நிக்குது" என்றாள் அக்கா.

தங்கை எரியறையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். நெருப்புக்குள் போய்வந்தது இளைக்காமல் வருமா? ஜன்னல் வெயிலில் பூச்சு மினுமினுத்தது. பார்த்துக்கொண்டே இருந்தவள் தன்னை மறந்தாள். அந்த வெள்ளைச் சுவருக்குள் தான் நடந்து போவது போலவும், சுவருக்குப் பின்னால் எதுவோ சத்தமில்லாமல் கரைவது போலவும் இருந்தது.

"அக்கா, இத அறுத்துப் பாத்துரலாம்."

"நீயா சொல்ற?"

"மேல கண்ணாடி மாதிரி ஏடு வளந்திருக்கு. உள்ள கரி எரிஞ்சு போன எடைய அது சரிக்கட்டியிருக்கும். அப்படின்னா அடுத்த தடவ வெடிச்சிரும்."

"அப்படி இல்லன்னா? அறுத்தத ஒட்ட வைப்பியா?"

தங்கை பேனாவை எடுத்தாள். தாளில் 'அறுக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அக்கா அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அத்தான் இறந்த மறுவாரமே வேலைக்கு வந்து நின்றவள் அவள். இரும்பு மனுஷி என்று ஊரே மெச்சியது.

மறுநாள் காலை ரம்பம் எரியறையை இரண்டாகப் பிளந்தது. பூச்சில் ஒரு கீறல் இல்லை. அதன் அடியில், இடுப்புப் பக்கம், கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பொந்து.

அக்கா அதில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"ஒண்ணுமே குறையலையே. அதான்."

அக்கா விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அவர் போனப்ப நானும் அப்படித்தானே இருந்தேன்" என்றாள். "அப்ப மட்டும் ஏண்டி நீ எதுவும் கேக்கல?"