என் வாயால் வந்த ‘வேண்டாம்’

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏறட்டும். எவ்வளவு ஏறுகிறது என்று எனக்குத் தெரியாது. மில்லில் தறி ஓட்டி ஓட்டி என் காது போய்ப் பல வருஷமாகிறது.

தறிக்கூடத்தில் நல்ல காது உள்ளவனுக்கும் ஒன்றும் கேட்காது. பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் தறிச் சத்தம் அதை விழுங்கிவிடும். அதனால் நாங்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியிருந்தோம். எதிர்த்தறி முனிகிருஷ்ணன், மேஸ்திரியை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று திட்டுவான். நான் அவன் உதட்டைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆகவே காது முழுசாகப் போனபோதும் நான் இடிந்துபோகவில்லை. கண் இருக்கிறதே, அது போதும் என்றுதான் இருந்தேன்.

அந்தக் கண்ணும் மங்க ஆரம்பித்தது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. அப்புறம் பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியவில்லை. கடைசியில் எதிரே நிற்பவன் முகம் தெரியும், உதடு ஓடுவது தெரியாது என்றாகிவிட்டது. என்னைச் சுற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நான் மட்டும் மண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அந்த எரிச்சலில் தட்டைத் தூக்கி எறிந்ததும் உண்டு.

அப்போது என் மகள் பாஞ்சாலிதான் வழி கண்டுபிடித்தாள். தாயில்லாப் பெண், எட்டாவது வரை படித்தவள். என் உள்ளங்கையை விரித்துவைத்து விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கூசுகிறது, விடு என்று கத்தினேன். விடவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டால் கையைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவாள். போகப் போக அவள் பாதி எழுதும்போதே மீதி எனக்குப் புரிந்துவிடும். வாசலிலிருந்து குழாயடி வரை கயிறு கட்டினாள். வீட்டுச் சாமானை யாராவது இடம் மாற்றினால் அவர்களை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். என்னைத் தொடுமுன் தோளில் கை வைக்க வேண்டும், பிறகு கையில் பேரை எழுத வேண்டும் என்று அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

ஒருமுறை தெருவில் ஒருவன் என்னைச் செவிட்டுக் கபோதி என்றானாம். அதையும் அப்படியே எழுதினாள். பொய்யே கலக்காமல் சொல்கிறாளே என்று எனக்கு அவ்வளவு பெருமை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், முட்டாள்.

இனி ஆஸ்பத்திரி விஷயம். பாஞ்சாலியே என்னைக் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் கன்னடக்காரர். என் கண்ணில் விளக்கடித்தார், இமைமேல் விரலால் அமுக்கிப் பார்த்தார், அப்புறம் அவளிடம் ரொம்ப நேரம் பேசினார். வெள்ளைக் கோட்டு அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவள் விரல் என் கையில் சும்மா கிடந்தது. “என்னம்மா சொல்றாரு?” என்று கேட்டேன்.

குணமாகாது என்று எழுதினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுதினாள். ஒரு மாசத்துக்கு மேல் இங்கேயே படுக்க வைத்து மருந்து விடுவார்களாம், இருக்கிறீர்களா என்று.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. குணமாகாத கண்ணுக்கு மாசக்கணக்கில் படுக்கை எதற்கு? “வேண்டாம். எனக்கு ஒண்ணும் வேண்டாம். வீட்டுக்குப் போலாம் வா” என்றேன். டாக்டர் என் தோளைத் தொட்டு ஏதோ கேட்டார். அவர் கையை உதறிவிட்டு இன்னொரு தடவை வேண்டாம் என்றேன். பிறகு அவர் தொடவில்லை. வீடு வரும்வரை பாஞ்சாலியும் எதுவும் எழுதவில்லை. பாவம், அப்பன் கண் போகிறதே என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

தை மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோவிந்தப்பா அடுகோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் செவிட்டுக் குருட்டு அப்பன் கூடவே வருவானா என்று கேட்டுவிட்டுக் காபியோடு போய்விட்டார்கள். இவர் ஒருவர்தான், மாமா நம்மோடு இருக்கட்டும் என்றார். கல்யாணத்தில் அவள் புடவையின் சிவப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அதுவும் போய்விட்டது. இப்போது ஒரு பேரன் இருக்கிறான். என் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுப்பான். அவன் முகம் எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை முனிகிருஷ்ணன் வந்தான். பாஞ்சாலி பின்கட்டில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவனோடு பேச எனக்கு உள்ளங்கை வேண்டாம். என் விரல்களை அவன் உதட்டின்மேல் வைத்துக்கொள்வேன். வருஷக்கணக்காகப் பார்த்த உதடு, விரலுக்கும் புரியும். மகள் வாயில் கை வைக்க முடியுமா? இவனிடம் அந்தக் கூச்சமில்லை. புகையிலை எச்சில் விரலில் ஒட்டும், அவ்வளவுதான்.

தனக்குக் கண் ஆபரேஷன் ஆனதைச் சொன்னான். நான் போன அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். நன்றாய் இருடா என்றேன். அவன் உதடு சிரிப்பில் விரிந்தது.

“டாக்டரு உன்னத்தான்டா கேட்டாரு. உங்க மில்லுக்காரன் ஒருத்தன், காது கேக்காதவன், ஆபரேஷன் வேண்டாம்னு வார்டே அதிர கத்திட்டுப் போனானே, எப்படி இருக்கான்னாரு. அப்பவே பண்ணியிருந்தா இருந்த பார்வைய நிறுத்தியிருக்கலாமாம். ஏன்டா பயந்துட்ட?”

திரும்பச் சொல் என்றேன். சொன்னான். எனக்கு நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவையும் சொல்ல வைத்தேன். இப்போது பண்ணிக்கொண்டால் வருமா என்று கேட்டேன். போனது போனதுதானாம், அதையும் அவன் டாக்டரிடம் கேட்டிருக்கிறான். என்னிடம் யாரும் ஆபரேஷன் என்று சொல்லவேயில்லை என்றதும் அவன் உதட்டை என் விரலிலிருந்து விலக்கிக்கொண்டான். என் தோளைத் தட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாஞ்சாலி டாக்டரிடம் எதையும் மறுக்கவில்லை. மறுத்தவன் நான். என் கோபம் எப்படிப் போகும் என்று அவளுக்கு அத்துப்படி. என்ன எழுதினால் நான் வேண்டாமென்று கத்துவேன் என்று தெரிந்தே எழுதி, என் வாயாலேயே என் கண்ணை வேண்டாமென்று சொல்ல வைத்திருக்கிறாள். பெற்ற மகள். அன்றைக்கு அவள் தலையை வேறு தடவிக்கொடுத்தேனே.

அவள் வந்து தோளில் கை வைத்ததும் கேட்டேன். “ஆபரேஷன் பண்ணா இருக்கிற பார்வை நிக்கும்னு டாக்டர் சொன்னாரா, இல்லியா?”

கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி கேட்டேன். அப்புறம் விரல் வந்து, சொன்னார் என்று எழுதியது. உடனே கடகடவென்று எழுத ஆரம்பித்தாள். எழுத்துமேல் எழுத்து ஏறியது. மெதுவாக எழுது என்று அதட்டினேன்.

நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் தை மாசக் கல்யாணம் தள்ளிப்போயிருக்குமாம். மாப்பிள்ளை வீட்டார் அத்திபெலேயில் வேறு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார்களாம். இவரையும் விட்டுவிட்டால் என்னையும் சேர்த்து ஏற்றுக்கொள்ள யார் வருவார்கள் என்று பயந்துவிட்டாளாம். கல்யாணம் முடிந்த கையோடு என்னை அழைத்துப் போவதாக இருந்தாளாம். போனாயா என்றேன். தனியாகப் போய்க் கேட்டாளாம். எனக்கு வெளிச்சமே தெரியவில்லை என்று அவள் சொன்னதும் டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமென்ன, அழுதேன்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. கல்யாணம்தான் முக்கியம், கண்ணு போனா போவட்டும்னு நானே சொல்லியிருப்பேனே.”

சத்தியமாகச் சொல்லியிருப்பேன். கண் போனதைவிட அதுதான் என்னை அறுக்கிறது. என் கண்ணை வைத்து ஒரு முடிவெடுத்தார்கள், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னை யாரும் கேட்கவில்லை.

அவள் எழுதினாள், முதன்முதலில் எழுதிப் பழகிய நாட்களைப் போல ஒவ்வொரு எழுத்தாக. “சொல்லியிருப்பீங்கன்னு தெரியும் நைனா. அதான் கேக்கல.”

எனக்கு விளங்கவில்லை. என்ன, என்ன என்று கத்தினேன்.

“உங்க கண்ணைக் கேட்டு வாங்கியிருந்தா அப்புறம் உங்க முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?”

பார்க்க முடியாமல் போயிருக்குமாம். இப்போது தினமும் பார்க்கிறாள், நன்றாகப் பார்க்கிறாள். நான்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கையை மூடிக்கொண்டேன். என்னிடம் பேச வருகிறவர்களை வாயடைக்க எனக்கு இருப்பது அது ஒன்றுதான். அவள் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். விடவில்லை. புறங்கையில் எழுதினாள், அதைத் துடைத்து எறிந்தேன். பிறகு தரை அதிர்ந்தது, எழுந்து போனாள் என்று தெரிந்தது. இனி இந்தக் கையில் அவள் எது எழுதினாலும் பொய்யா நிஜமா என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. யாரோ வந்து என் தோளில் கை வைத்தார்கள். மாப்பிள்ளையா, பக்கத்து வீட்டாரா, அவளேதானா, தெரியவில்லை. யாரென்று தெரிய வேண்டுமானால் நான் கையை விரிக்க வேண்டும்.

விரித்தேன்.