பெயின்டர் வளர்த்த ஊதாத் தக்காளி

சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர் தக்காளி வளர்த்தால் ருசியையா பார்ப்பார்? நம் பெயின்டர் நிறத்தைத்தான் பார்த்தார். கோலிக்குண்டு அளவே காய்க்கும் ஊதாத் தக்காளிக்கு எங்கிருந்தோ விதை வரவழைத்து, மொட்டைமாடியில் வெயில் விழுகிற இடத்தையெல்லாம் தொட்டிகளால் அடைத்துவிட்டார். துணி காயப்போட இடமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனைவி, கடைசியில் கறாராகச் சொல்லிவிட்டாள். காய்கறிக் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் தின்று பார்க்கட்டும். அவர் நன்றாயிருக்கிறது என்றால் தொட்டிகள் இருக்கும், இல்லையென்றால் எல்லாம் காலி.

பெயின்டருக்கு அந்தச் செடிகள் என்றால் உயிர். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்து, கறுப்போ என்று சந்தேகப்படும் அளவுக்கு ஊதா ஏறியவற்றை மட்டும் பறித்தார். இப்படியொரு நிறம் எந்த டப்பாவிலும் வராது என்று மார்தட்டிக்கொண்டார்.

மச்சான் ஒன்றை வாயில் போட்டார். முகம் அஷ்டகோணலாகியது.

"மாப்ள, இது பழமா, படிகாரமா?"

பெயின்டரும் ஒன்றைக் கடித்தார். தொண்டையைப் பிடித்தது. சொன்ன சொல்லை மீற முடியாது; ஞாயிற்றுக்கிழமை வரை தவணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறன்று மண்ணை அள்ளச் சாக்கோடு மாடி ஏறினார். அங்கே துணி வாளியிலேயே ஈரமாகக் கிடக்க, மனைவி செடிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு எதையோ மென்றுகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கொஞ்சம் அசடு வழிந்தாள்.

தொட்டியை ஓரம் தள்ளும்போது ஒரு குலை புரண்டதாம். ஒரு பழத்தைத் திருப்பிக் காட்டினாள். மேலே அதே ஊதா. அடிப்பக்கம் செக்கச்செவேலென்று இருந்தது.

"வெயில் பட்டா காயிலயே ஊதா வந்துடுதுங்க. பழுத்தது அடியிலதான் தெரியுது. நீங்க மேல மட்டும் பாத்துப் பறிச்சிருக்கீங்க."

நிறத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிற மனுஷனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் ஒன்றை அவர் வாயில் திணித்தாள். இனிப்பும் புளிப்புமாகச் சாறு பொங்கியது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

உடனே மச்சானை வரவழைத்து இன்னொரு தரம் தின்னச் சொல்ல வேண்டும் என்று கைபேசியை எடுத்தார். மனைவி அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க. நமக்கே பத்தாது."