மூணு புள்ளி

கோடு போடுவதுதான் அவள் வேலை. ரத்தத்தில் ஒரு புரதம். அது நிறைய இருக்கிற நோயாளிக்குத்தான் புது மருந்து வேலை செய்யும். எந்த அளவுக்கு மேலே இருந்தால் சோதனையில் சேர்க்கலாம் என்று அவள்தான் கணக்குப் போட்டு, நாற்பது என்று கோடு கிழித்திருந்தாள்.

சொந்தத் தம்பியின் ரத்தம் முப்பத்தேழில் வந்து நின்றது.

"நான் எடுத்ததுலயே இதான்க்கா பெரிய மார்க்கு. இதுக்கும் ஃபெயிலா?" என்று போனில் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மற்ற மருந்தெல்லாம் அவனுக்குக் கைவிரித்துவிட்டன.

மூணு புள்ளியில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது? சத்தமில்லாமல் கோட்டை முப்பத்தாறுக்கு இறக்கினாள்.

மறுநாள் காலை லேபிலிருந்து ஊசி அண்ணன் குரல் கொடுத்தார். ரத்தம் எடுக்கிறவர், அந்தப் பேர்தான் எல்லோருக்கும் தெரியும்.

"பாப்பா, இங்க வந்து பாரேன்."

மெஷின் பொய் சொல்லாமலிருக்க, தினமும் முதலில் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். அது அவளுடைய ரத்தம். போன வருஷம் எடுத்து, குட்டிக் குட்டிக் குழாய்களில் உறையவைத்தது. எப்போதும் நாலுதான் காட்டும்.

இன்று முப்பத்தாறு.

"மெஷினுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்குண்ணே. வேற குழாய் போடுங்க."

போட்டார். முப்பத்தாறு.

"கல்லு மாதிரி உறைஞ்சு கிடந்த ரத்தம்மா. இது எப்படி ஏறும்?" அவர் குரல் இறங்கிவிட்டது.

அவள் தன் அறைக்குப் போய்க் கோட்டை மறுபடி நாற்பதாக்கினாள். அவள் கம்ப்யூட்டருக்கும் அந்த மெஷினுக்கும் நடுவில் ஒரு ஒயர்கூடக் கிடையாது.

"அண்ணே, இப்ப ஓட்டுங்க!"

"நாலு! அப்பாடா, சரியாயிடுச்சு பாப்பா!"

முப்பத்தாறு என்று அடித்தாள். "இன்னொரு தடவை."

சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் 'பீப்' என்றது. "மறுபடி முப்பத்தாறு, பாப்பா!" என்றார் அண்ணன்.

போன் அடித்தது.

"அக்கா! என்னைச் சேர்த்துக்கலாமாம். நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க!"

அவள் விரல் விசைமேல் அப்படியே நின்றது. நாற்பது என்று அடித்தால் போதும், அவளுக்கு ஒன்றுமில்லை.

"காலைல எதுவும் சாப்பிடாம போடா," என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனாள். குழாயில் 'நோயில்லை' என்று ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் உரித்தாள்.

"இனிமே இதை எங்க வைக்கிறதும்மா?"

"தம்பியோடதுக்குப் பக்கத்துல வைங்கண்ணே," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் லேசாக இருமல் வந்தது.