சீதனமாகப் போன பேஸ்போல் கார்ட்

எங்கள் ஹியூபேட் அத்தான் பேஸ்போல் மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் விளையாடுவார்கள் என்று கேட்டால், கிரிக்கெட்டை நினைத்துக்கொண்டு பதினொரு பேர் என்பார். ஆனால் அந்த விளையாட்டுக்காரர்களின் படம் போட்ட கார்ட்டுகளைச் சேர்ப்பதில் கொட்டாஞ்சேனையில் அவரை வெல்ல ஆளில்லை. போட்டிக்கும் ஆளில்லை என்பது வேறு கதை.

நியூ ஜேர்சியில் இருக்கும் அவருடைய தம்பி, ஒரு கிறிஸ்மஸுக்குச் சொக்கலேட்டோடு ஒரு கார்ட் பாக்கெட்டும் அனுப்பினார். பிள்ளைக்கென்று அனுப்பியதை அத்தான் பிரித்துப் பார்த்தார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது வாடகை வீட்டில் ஏசி பூட்டிய ஒரே அறை கார்ட்டுகளுக்குத்தான். துறைமுகத்துக் காற்றுப் பட்டால் அவை வளைந்துவிடுமாம். என் அக்கா டோரின் ஹோலில் விசிறிக்குக் கீழே வேர்த்துக்கொண்டு படுப்பாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நானும் இதே காற்றில்தான் வளைகிறேன் என்று அவள் ஒருநாள் சொன்னாள். அத்தானுக்கு அது காதில் விழவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் ராசா. பந்தெறிகிற ஒரு பெடியன் விளையாட வந்த முதல் வருஷத்துக் கார்ட்; அவனே பேனையால் கையெழுத்து வைத்தது. பிறகு அவன் அமெரிக்காவில் பெரிய ஆளாகிவிட, கார்ட்டின் விலையும் அவனோடு ஏறிவிட்டது. காந்தத்தால் மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதை வைத்திருந்த அத்தான், வெள்ளைக் கையுறை போட்டுத்தான் பெட்டியைத் தொடுவார். மகள் றஷ்மியை அவர் அப்படித் தூக்கி நான் பார்த்ததில்லை. ஞானஸ்நானத்தன்று கோயிலில் அவளை ஏந்தி நின்றதும் மாமன்காரன் நான்தான்.

றஷ்மி தன்னோடு வங்கியில் வேலை செய்யும் சுமனை விரும்பினாள். தங்கமான பெடியன். தாய் ஜெயராணி யாழ்ப்பாணத்து வேதக்காரர், எங்களைப் போலக் கிறிஸ்தவர்தான், வெள்ளவத்தையில் இருக்கிறார், ஒரே மகன். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். ஒன்றும் வேண்டாம் என்றால் வீடு வேண்டும் என்று அர்த்தம். வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு அனெக்ஸ் வீடு என்றாலும் போதும் என்று இரண்டாவது கோப்பை பிளேன்டியில் சொன்னார். அனெக்ஸுக்கு அத்தான் எங்கே போவார்? றஷ்மி சாப்பிடாமல் கிடந்தாள். சுமன் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்றாள். 

அடுத்த முறை அவர்கள் வந்தபோது அத்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இதுதான் என் மகளின் சீதனம் என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து ஜெயராணி எழுந்துவிட்டார். சுமன் போனில் தேடிப் பார்த்து விலையைத் தாய்க்குக் காட்டினான். ஜெயராணி மறுபடி உட்கார்ந்தார். எனக்கு அன்றைக்குத்தான் அத்தான்மேல் உண்மையான மரியாதை வந்தது.

சீதனக் காணி என்றால் மாப்பிள்ளை வீட்டார் உறுதிப் பத்திரத்தை வாங்கிப்போய் லோயரிடம் காட்டுவது வழக்கம். கார்ட்டுக்கு ஏது உறுதி? ஆகவே கார்ட்டையே வாங்கிப்போய்க் கொள்ளுப்பிட்டியில் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதென்று முடிவானது. பெட்டியைக் கொடுக்கும்போது, பிள்ளையை போர்டிங்கில் விடுகிற தகப்பன் போல அத்தான் ஆயிரம் புத்தி சொன்னார். ஈரம் படக்கூடாது, விரல் படக்கூடாது, மூலை மடியக்கூடாது. ஜெயராணி எல்லாவற்றுக்கும் பக்தியோடு தலையாட்டினார். கொள்ளுப்பிட்டிக்காரர் பார்த்துவிட்டு அசல்தான் என்றாராம். நாள் குறிக்க வருகிறோம் என்று செய்தி வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தார்கள். அக்கா பற்றிஸும் கட்லட்டும் வைத்தாள். ஜெயராணி கைப்பையைத் திறந்து கார்ட்டை எடுத்து மேசையில் போட்டார். போட்டார் என்றுதான் சொல்லவேண்டும். பெட்டியைக் காணோம். நாலு பக்கமும் பிளாஸ்டிக் கரை வைத்து, மினுங்க மினுங்க லெமினேட் செய்யப்பட்டிருந்தது கார்ட்.

"அந்தப் பெட்டிக்குள்ள காத்துப் போகும் அண்ணை," என்றார் ஜெயராணி. "ஈரம் படக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். வீட்டுறுதி, சுமன்ர சேட்டிபிக்கேட் எல்லாம் நான் இப்பிடித்தான் வைச்சிருக்கிறன். போட்டோகொப்பி அடிக்கிற கொமினிகேஷன் கடைப் பெடியனிட்டச் சொல்லித் தடிச்ச பிளாஸ்டிக் போட்டுச் செய்விச்சனான்."

லெமினேட் என்றால் சூட்டில் பசை உருகிக் கார்ட்டோடு ஒட்டிவிடும். உரித்தால் கையெழுத்தும் கூடவே வரும். அப்படிச் செய்த கார்ட்டைச் சேகரிப்பவன் ஒருவனும் சீண்டமாட்டான். அத்தானின் கதைகளால் காது புளித்துப்போன எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். வந்தவர்களுக்குத் தெரியாது. றஷ்மியின் முகம் வெளிறிவிட்டது. உண்மையைச் சொன்னால் சீதனம் இல்லை. சீதனம் இல்லையென்றால் கல்யாணம் இல்லை. கெடுத்தது தன் கைதான் என்பதற்காக அனெக்ஸை மறந்துவிடுகிற ஆளா ஜெயராணி?

அத்தான் கார்ட்டை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.  கத்தப்போகிறார் என்று நினைத்து அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நல்ல வேல செஞ்சிருக்கிறீங்க தங்கச்சி," என்றார். "எனக்கு இது தோணாமப் போச்சே. இப்பதான் இதுட பெறுமதி கூடியிருக்கு."

ஜெயராணிக்குப் பெருமை தாங்கவில்லை. மிச்சக் கார்ட்டுகளையும் தந்தால் அதே பெடியனிடம் கொடுத்துச் செய்வித்துத் தருகிறேன் என்றார். மொத்தமாகக் கொடுத்தால் அவன் விலையும் குறைப்பானாம். தடுப்பதற்கு றஷ்மி வாயைத் திறந்தாள். அத்தான் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"ஓம், அதுக்கென்ன," என்றார் ஜெயராணியிடம். "முதல்ல பிள்ளைகளுக்கு நாளைக் குறிப்பம். பிறகு எல்லாத்தையும் நானே கொண்டுவந்து தாறன்."

றஷ்மி விம்மி அழத் தொடங்கினாள். பிறந்த வீட்டைவிட்டுப் போவதை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எண்ணிய ஜெயராணி, வெள்ளவத்தை என்ன தூரமா பிள்ளை என்று அவளைத் தேற்றினார்.