கயிற்றுக் கணக்கு

பாதையை அகலமாக்குகிறோம் என்று லயத்து வீட்டுக்குப் பின்னாலிருந்த வேலாயியின் முட்டைக்கோஸ் தோட்டத்தை எஸ்டேட்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் சம்பளம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாலும் பத்தாது. அந்தத் துண்டு நிலத்தில்தான் குடும்பத்தின் மூச்சே இருந்தது. ஈடாக வேறு நிலம் தருவதாகக் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ரூபன் கூட்டிப்போனான்.

சும்மா ஒத்துக்கொள்வாளா? நாற்பது வயதுக்குமேல் மாலை வகுப்பில் உட்கார்ந்து கூட்டல் படித்தவள் அவள். பெருக்கல் வருவதற்குள் வகுப்பு நின்றுபோனது. ஊரிலுள்ள திருட்டெல்லாம் அந்தப் படிக்காத கணக்குக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்று அன்றிலிருந்தே அவளுக்குச் சந்தேகம்.

பழைய நிலத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து வெட்டி வைத்திருந்தாள். ரூபன் காட்டிய சதுர நிலத்தைச் சுற்றிப் போட்டால் கயிறு ஒரு முழம் மிஞ்சியது.

“பாத்தியா தம்பி! முழுசா ஒரு முழம் போச்சு.”

“அய்யோ அக்கா, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பாக்கணும்லா. ரெண்டு நெலமும் ஒரே அளவுதான்.”

“பெருக்கலெல்லாம் வேணாம். கூட்டிச் சொல்லு.”

“பெருக்கலும் கூட்டல்தான்க்கா. வரிசை வரிசையா கூட்டுறது.”

“ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு வேற பேரு? ஒரே ஆளுக்கு ரெண்டு பேருன்னா அவன் திருடன்லா!”

கூட வந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறு எது வேண்டுமோ பார்த்துக்கொள்ளச் சொன்னான் ரூபன்.

ஓடையோரம் நாடா மாதிரி ஒல்லியாக ஒரு துண்டு கிடந்தது. அதைச் சுற்றினால் கயிறு அச்சாகப் பொருந்தியது. அடம்பிடித்து அதையே வாங்கினாள்.

கியா பார்ம் நாற்றுப் பண்ணையிலிருந்து வழக்கமான அளவுக்கே நாற்று வந்தது. நட்டு முடித்தால் மூன்றில் ஒரு பங்கு தட்டிலேயே நின்றது. நாற்றுக்காரன் கூடுதலாகக் கொடுத்துவிட்டானோ? எச்சில் கையால் காக்கை விரட்டாதவன், அவனா கொடுப்பான்! புருஷன் கந்தன் இடம் விட்டு நட்டிருப்பானோ? சாண் வைத்துப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. கடைசியில் வரிசை வரிசையாகக் கூட்டிக்கொண்டே நடந்தவள், ஓடைக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் வேலியைக் கூட்டியிருக்கிறாள், மண்ணைக் கூட்டவில்லை.

ரூபனிடம் ஓடினாள். சதுர நிலத்தை, அன்று கூட நின்று சிரித்த நவமணி தன் தோட்டத்துக்கு ஈடாக வாங்கிவிட்டாளாம்.

தட்டோடு போய் நவமணி வாசலில் நின்றாள்.

“ஒன் நெலத்துல காலியா கெடக்குற பக்கம் இத நட்டுக்கிறேன்டி. வெளையிறதுல பாதி ஒனக்கு.”

நவமணி கதவை முழுதாகத் திறக்கவில்லை. “நீயா வந்து குடுக்கிற, இதுல என்ன சூதுலா? பாதின்னா எம்புட்டு? கூட்டிச் சொல்லு.”

வேலாயி தட்டைக் கீழே வைத்துக் குந்தினாள்.

“பாரு. ஒனக்கொண்ணு, எனக்கொண்ணு. ஒனக்கொண்ணு...”

“மெதுவாலா,” என்றாள் நவமணி. அவள் கண் வேலாயியின் விரலை விட்டு நகரவேயில்லை.