நல்லிக்குள் தோல்

என் இரட்டை வடச் சங்கிலியை விற்றுத்தான் எங்கள் வீட்டுக்கு நல்லி வந்தது. மைசூரில் குழாய்க்கு நல்லி என்றுதான் பெயர். காவேரியை யந்திரம் வைத்து மேலே ஏற்றித் தெருத்தெருவாகக் குழாய் புதைத்துக்கொண்டிருந்த காலம். நகையைப் பெட்டியில் பூட்டி வைத்து என்ன கண்டோம், கெட்டிக்காரர்கள் எல்லாம் இப்போது தண்ணீரில்தான் முதல் போடுகிறார்கள் என்றார் என் அகத்துக்காரர். எந்த வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதோ அந்த வீட்டுக்கு நாளைக்கு இரட்டை விலையாம். அரண்மனை உத்தியோகம் அல்லவா, நாலும் தெரிந்தவர்.

எனக்கு விலையும் வேண்டாம், முதலும் வேண்டாம். என் இடுப்பு பிழைத்தால் போதும். விடிவதற்குள் குளித்து, ஈரப்புடவையோடு, மடி குலையாமல் தெருக்கோடிக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என்னால் நிமிரவே முடியவில்லை. மைசூர்க் குளிர் வேறு. சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தபோது துளி வருத்தம் இல்லை. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

காரியத்தைக் கெடுத்தவன் மரியராஜ். நல்லி பொருத்த வந்தவன். நல்ல மனுஷன், வேலையும் சுத்தம், வாய்தான் சும்மா இருக்கவில்லை. பின்கட்டு முற்றத்தில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்து நான் வாயெல்லாம் பல்லாக நின்றபோது என் மாமியார் வந்தார். இது ஒழுகாதா அப்பா என்று அவர் கேட்டதுதான் தாமதம்.

"ஒழுகாதும்மா. உள்ளே எருமைத் தோல் போட்டிருக்கேன், அசல் தோல். பத்து வருசத்துக்குச் சொட்டாது" என்றான் பெருமையாக.

மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என் சங்கிலி போச்சு என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"தோல் பட்ட தீர்த்தத்துலயா பெருமாளுக்குத் தளிகை பண்றது? கால் அலம்பிக்கோ, பாத்திரம் தேய்ச்சுக்கோ. மடிக்கு ஆகாது" என்றார்.

என் அகத்துக்காரரிடம் போய் முறையிட்டேன். ஆபீசில் அவர் குடிப்பதும் அதே தண்ணீர்தான். ஆனாலும் அம்மா மனசு நோகக் கூடாதாம். வீட்டுக்கு விலை ஏறினது ஏறினதுதானாம், அதற்கும் தோலுக்கும் சம்பந்தம் இல்லையாம். நான் மரியராஜைத் திரும்பக் கூப்பிட்டுத் தோலை எடுத்துவிட்டுச் சணல் சுற்றித் தரச் சொன்னேன். பாவம், அவனும் சுற்றிக் கொடுத்தான். இங்கே எடுத்தால் ஆச்சா, தெருக் குழாய்க்குள்ளும் தோல் இருக்குமே என்றார் மாமியார். அந்த ஞானத்தை எங்கே கற்றாரோ. நான் பழையபடி குடத்தைத் தூக்கினேன்.

ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணமாகி அவள் பெங்களூருக்குப் போனாள். மாதத்தில் நான் தூரமாகிப் பின்னறையில் உட்காரும் மூன்று நாளும் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தவள் அவள்தான். இனிமேல் யார் போவது? மாமியாருக்கு முழங்கால் மடங்காது. அந்த மாதம் ஒதுங்கி உட்கார்ந்த இடத்திலும் எனக்கு அதே கவலை. வெட்கங்கெட்ட கவலை.

முதல் நாள் விடிந்ததும் நல்லி திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரத்துக்கு என்று நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை. கதவிடுக்கில் பார்த்தால் மாமியார் மடிக்குடத்தை நல்லிக்கு அடியில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். உலை கொதித்தது, பெருமாளுக்கு மணி அடித்தது, என் அகத்துக்காரர் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். ஒருவர் வாயிலும் தோல் என்ற பேச்சே இல்லை. மூன்று நாளும் அப்படியே நடந்தது. எனக்கு ஆத்திரம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அப்பாடா, விட்டது சனி என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வந்தேன். மாமியார் அதே குடத்தை என் முன்னால் வைத்து, கிணற்றுக்குப் போய்விட்டு வரச் சொன்னார்.

"மூணு நாளா நல்லித் தீர்த்தத்துலதானேம்மா தளிகை ஆச்சு?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. இதுகூடவா தெரியாது என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அப்போ நீ இல்லை. இப்போதான் நீ இருக்கியே, செங்கமலம்."

குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.